சபையும் சுமையும்

"நீ சபை. நீ சுமை. நீயும் சுமை. அக்கா, நீங்க சபை, அந்தப் பக்கம் போங்க."

படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கே ஏஜென்ட் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கூட்டக் காட்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். எடுப்பது ராஜா காலத்துக் காதல் படம். சிவந்த முகம் என்றால் பட்டுடை உடுத்தி அரண்மனைச் சபையில் நிற்கலாம். கறுத்த முகம் என்றால் சாக்குத்துணி கட்டிக்கொண்டு குடமோ மூட்டையோ சுமக்க வேண்டும். இவர் மட்டும் என்ன பால் வண்ணமா? கண்ணாடி முன்னால் நின்றால் தன்னையே சுமைப் பக்கம் விரட்டியிருப்பார். அந்த யோசனை இருபது வருஷத்தில் ஒரு நாளும் மனுஷனுக்கு வந்ததில்லை.

அன்றைக்கு மண்டபத்தில் நடனக் காட்சி. ஆடத் தெரிந்த நாற்பது ஜோடிகள் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அதை நம்பி ஒரு மெக்கானிக்கும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எட்டுப் படங்களில் குடம் தூக்கியிருக்கிறாள், ஒன்றில்கூட அவள் முகம் தெரிந்ததில்லை. இந்த முறை புருஷனோடு ஆடப்போகிறோம் என்று, ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவருக்கு ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"நீங்க சபை சார். நீ சுமைம்மா."

"அண்ணே, ஜோடியாத்தானே வரச் சொன்னீங்க?"

"ஜோடிதான்மா. அவருக்கு ஜோடி நான் போட்டுக்கறேன்."

வாய்க்கொழுப்பைப் பார்த்தீர்களா! புருஷனோடு பதினாலு வருஷம் வாழ்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"எனக்கு என்ன குறைச்சல்?"

"குறையெல்லாம் இல்ல. ராஜா காலத்து அரண்மனையில இந்த மாதிரி முகம் இருக்குமாம்மா?"

"நீங்க போய்ப் பார்த்துட்டு வந்தீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல எங்கள மாதிரி ஆளுங்க தண்ணி மட்டும்தான் தூக்குனாங்களா? யாரும் யார்மேலயும் ஆசைப்படவே இல்லையா?"

ஏஜென்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடுமா? "அடுத்த ஆள்!" என்று கத்தினார். மெக்கானிக் நேராகச் சுமைப் பக்கம் போய் அவள் அருகில் நின்றுகொண்டு, "இவ எங்கயோ, நானும் அங்கதான்" என்றார்.

உள்ளே எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது ஜோடிதான் இருந்தது. இயக்குநரே வாசலுக்கு வந்துவிட்டார். "இன்னொரு ஜோடி எங்கய்யா?"

வண்டி வரத் தாமதம் என்று சொல்லத்தான் ஏஜென்ட் வாயைத் திறந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வெளியே வர மாட்டேன் என்றது.

"அதோ நிக்கிறாங்க சார். நிஜப் புருஷன் பொண்டாட்டி. நான்தான் நிறத்தைப் பார்த்துப் பிரிச்சுட்டேன்."

"யாரு பிரிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். அதான் வெட்கக்கேடு."

இயக்குநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி சரி, அந்தம்மாவைத் தூணுக்குப் பின்னாடி நிறுத்துங்க."

ஏஜென்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்கு அவங்க சுமையிலேயே நிக்கலாமே சார்? நிறுத்துனா முன்வரிசை. இல்லேன்னா உங்களுக்கு முப்பத்தொன்பதுதான்."

"நாளைக்கு வேற ஏஜென்ட் வருவான், தெரியும்ல?"

"வரட்டும் சார். இன்னிக்கு ஏஜென்ட் நான்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. "என்னமோ பண்ணித் தொலை" என்று இயக்குநர் திரும்பி நடந்தார். ஏஜென்ட் அவளிடம் வந்து, "மன்னிச்சிடு தங்கச்சி" என்றார்.

அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிப்பு கிடக்கட்டும்ணே. காதலிக்கிற இடத்துலயெல்லாம் ஒரே நிறத்து முகத்தையே நிறுத்துனா, மத்தவங்களுக்கு மனசே கிடையாதுன்னு படம் பார்க்குறவங்க நம்பிடுவாங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்களும் நம்பிடும். நீங்க வாசல்ல பிரிக்கிறது வேஷத்தை இல்லண்ணே, மனுஷங்கள!"