முப்பது கேள்வி

எங்க குழுவோட பேரு 'மாடித் தோட்டக் குறிப்புகள்'. உள்ளே ஒரு செடியும் கிடையாது. வீட்ல அடி வாங்குறவங்க, போனைப் பிடுங்கிப் பார்க்கிற புருஷன்கிட்ட மாட்டிக்கிட்டவங்கன்னு நூத்திப் பத்துப் பொம்பளைங்க. வாசல் காவல் நான். பகல்ல மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை, மிச்ச நேரமெல்லாம் கத்தல். சொந்தப் பேரு போடாதே, முகம் போடாதே, தெருவைச் சொல்லாதே! போன வாரம் ஒருத்தி, "யாருக்கும் தெரியாம அழுதேன்"னு ஜன்னல் படம் போட்டிருக்கா. வெளியே அவ தெருப் பலகை பளிச்சுனு தெரியுது. நல்லா வருது வாயில! உடனே அழிச்சேன்.

நேத்துக் காலை ஏழரைக்கு 'ரோஜா'ன்னு ஒருத்தி சேரணும்னு கேட்டா. கஷ்டத்தைச் சொல்லும்மான்னேன். ரெண்டே நிமிஷத்துல நாலு பத்தி வந்துச்சு, முற்றுப்புள்ளியெல்லாம் வச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏழரை மணிக்கு எந்தப் பொம்பளைக்கு நாலு பத்தி எழுத நேரமிருக்கு? எங்க ஆளுங்க "அக்கா"ன்னு அனுப்பி, அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள பால் பொங்கிடும், பிள்ளை கத்திடும். கடைசி வரியில ரோஜா கேட்டா: "இதுல ஒரு தையல்காரம்மா இருக்காங்களா?"

அது எங்க சுண்டெலி. குழுவுல அவளுக்கு நாங்க வச்ச பேரு. மறுநாள் பதினொண்ணரைக்கு வக்கீலம்மாவைப் பார்த்துட்டு, அப்படியே அவ அக்கா வீட்டுக்குப் போயிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தா. உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்னு அவகிட்டத் தனியாக் கேட்டேன். பதில் துண்டு துண்டா வந்துச்சு.

"ஹால்ல."

"போன்ல டைப் பண்றார்."

"தொட்டிகூட இல்லாத வீட்ல உனக்கெதுக்குத் தோட்டக் குழுன்னு கேட்டார்."

"நாளைக்கு லீவாம். பயமா இருக்கு அக்கா."

குழுவுக்கு அந்தப் பேரை வச்ச மடச்சி நான்தானே! போன்ல இடம் காட்டறதை முதல்ல அணைச்சு வைன்னு சுண்டெலிக்குச் சொல்லிட்டு, ரோஜாவுக்கு எழுதினேன்: "சேர்த்துக்கறோம் தங்கச்சி. நாளைக்குப் பத்து மணிக்கு முப்பது கேள்வி வரும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரி எழுதணும். நடுவுல நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து."

மறுநாள் ரோஜாங்கிற அந்த மனுஷன், சும்மா சொல்லக்கூடாது, பரீட்சை மாதிரி எழுதினார். மாமியார் கொடுமைன்னு ஒரு பக்கம், அதுவும் தன்னைப் பெத்த அம்மாவைப் பத்தி! படிச்சு முதல்ல சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. சுண்டெலி எங்ககிட்ட அழுதது வரிக்கு வரி அதுல இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு பாவிக்கு.

பதினேழாவது கேள்வி: "நீங்க பேசினா வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்பாரா?"

"நான் மூச்சு விட்டாக்கூட அவருக்குக் கேட்கும்"னு ஆரம்பிச்சு, எழுதிக்கிட்டே போனார்.

அப்போ சுண்டெலி பஸ்ல இருந்து அனுப்பினா.

"ஏறிட்டேன் அக்கா. பையோட அவர் எதிர்லயே நின்னேன். போயிட்டு வரேன்னு சொல்லல, போறேன்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை. தலையைத் தூக்காம, கதவைச் சாத்திட்டுப் போன்னார்."