வீட்டுக் கணக்கு

குடியிருப்பே குறட்டை விடும் விடியற்காலையில்தான் காதுக்காரிக்கு வேலை சூடுபிடிக்கும். அடுப்பங்கரை மூலையில் மடிக்கணினி, காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் ஒலி பின்னுக்கு ஓடும். பஞ்சாலையில் நுரையீரலைத் தொலைத்தவர்கள் ஆராய்ச்சிக்காரர்களிடம் சொன்னதைக் கேட்டு, இருமலுக்கு நடுவே சொல்லைப் பிடித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பிடரி கல்லாக விறைத்துவிடும். சொல்லைக் காதால் பிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. பெயரும் அப்படித்தான் வந்தது.

நோயாளிகளின் ரகசியம் என்பதால் ஒலிப்பதிவை வீட்டில் இறக்கி வைக்கக் கூடாது. இன்டர்நெட்டிலேயே கேட்டு, அதிலேயே அடிக்க வேண்டும். அது போனால் பிழைப்பும் போச்சு. பாக்கி கட்டாததால் இன்று மாலை இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள். கணவனுக்கு வேலை போனபின் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தத் தட்டச்சில்தான்.

காலைக் கூட்டத்துக்கு, ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் திரையில் வந்தார். தட்டச்சு செய்யும் ஐந்து பேரும் ஆளுக்கொரு சதுரத்தில் தெரிந்தார்கள்.

"சார், இன்டர்நெட் செலவை ஆராய்ச்சி நிதியில எழுதிக் குடுங்க. கட்ட வழியில்ல" என்றாள் காதுக்காரி.

"வீட்டு இன்டர்நெட்டை எப்படிம்மா எழுதறது? ஆராய்ச்சிக்கு மட்டும்தான் ஓடுதா அது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. "பொண்ணும் அதுலதான் படிக்கிறா சார்."

"பாத்தீங்களா! உங்க பொண்ணு படிப்புக்கு ஆராய்ச்சி ஏன் அழணும்?"

"ஆபீஸை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினது யாரு சார்? அங்க வாடகை, கரண்ட், இன்டர்நெட் எல்லாம் நிதியிலதானே போச்சு?"

"அது ஆபீஸ் கணக்கு. இது வீட்டுக் கணக்கு. முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்." அவர் சதுரம் மறைந்தது.

ஐவரில் ஒருவனான நெட்டையன் அவள்மேல் பாய்ந்தான். "பொண்ணு படிக்கிறான்னு உன்னை யாருக்கா கேட்டா? எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டியே!"

காதுக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அவளை ஏண்டா கரிச்சுக் கொட்டற?" என்றாள் அவர்களில் மூத்தவளான பெரியக்கா. "உன் தம்பி அதுல படம் பாக்கறதில்லையா? ஆராய்ச்சிக்கு நம்ம அடுப்பங்கரையைக் குடுத்தோம், கரண்டைக் குடுத்தோம். வாடகையா கேட்டோம்?"

நெட்டையன் தலை கவிழ்ந்தது. "எனக்கும் கடன்லதான் ஓடுதுக்கா. வெளிய சொல்ல வெக்கம்."

காதுக்காரி மூக்கை உறிஞ்சினாள். "ஆபீஸ் கணக்குன்னா தருவாராம்ல? ஆபீஸுக்கே போயிடுவோம்."

அன்று பகலிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். பழைய ஆபீஸ் அறையில் பூட்டுத் தொங்கியது. பேராசிரியரின் அறை வாசலில், வராந்தாத் தரையில் ஐந்து பேரும் மடிக்கணினிகளோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். இருந்த ஒரே பிளக்கில் நீள வயர்ப் பலகையைச் செருகினான் நெட்டையன். ஆபீஸ் இன்டர்நெட்டின் பழைய கடவுச்சொல்லை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலும். இன்டர்நெட் ஜோராக வந்தது.

கதவு திறந்தது. "யாரைக் கேட்டு உக்காந்தீங்க?"

"வேலை பாக்கறோம் சார்" என்றாள் காதுக்காரி. "ஆபீஸைத் திறங்க, இல்ல வீட்டுச் செலவைக் குடுங்க. அதுவரைக்கும் இங்கதான்."

"செக்யூரிட்டியைக் கூப்பிடறேன்." அவர் போனை எடுத்தார்.

காதுக்காரி தட்டச்சை நிறுத்தினாள். மாலையில் வீட்டு இணைப்பு போய்விடும். நாளைக்கு வேலையே இருக்காதோ என்னவோ.

நெட்டையன் நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தான். "கூப்பிடட்டும்க்கா. நீ அடி."

அவள் அடித்தாள். ஐந்து பேரும் அடித்தார்கள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது, ஒருவரும் எழவில்லை.