மொட்டைகளுக்கு நடுவே

முடியெல்லாம் கொட்டி எழிலுக்கு ஒரு வருடம் ஆகிறது. தன்னைப் போன்றவர்கள் நேரில் கூடிப் பேசும் இடத்தைப் போனில் தேடினாள். சென்னை என்றே வந்தது. தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனியில் யார் லீவு தருவார்கள்?

கம்பெனியில் தினமும் யாராவது ஒருத்தி, "இருக்கன்குடியில மொட்டையாக்கா? எதுக்கு நேந்தீக?" என்பாள். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கே போனாள். அத்தனை மொட்டைகளுக்கு நடுவே யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாடா என்று நிழலில் உட்கார்ந்தாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்களும் எதுக்கு நேந்தேன்னு கேக்கப் போறீகளா?" எழில் எரிந்து விழுந்தாள்.

"இல்ல தாயி. மொட்டை போட்டா புருவமுமா போகும்?"

அந்தப் பெண் மையால் வரைந்த தன் புருவங்களை முந்தானையால் துடைத்தாள். ஒரு முடிகூட இல்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காந்துக்கிடுறேன்."