பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு குழாய்

எங்கள் அலுவலகத்தில் நான் இலக்கியவாதி ஆனது லிஃப்ட் கூரையின் மேல் உட்கார்ந்திருந்தபோது. பதினான்கு மாடிக் கட்டடம், நான்கு லிஃப்ட், எல்லாவற்றுக்கும் மெக்கானிக் நான் ஒருவன். அன்றைக்கு மூன்றாம் நம்பர் லிஃப்டை ஆறாம் மாடியில் நிறுத்திவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே, திறந்திருந்த லிஃப்ட் வாசலில் சட்டப் பிரிவு மேடமும் இன்னொருவரும் ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் தம்பி சுத்த அயோக்கியன் என்றார் மேடம். எனக்குப் பொறுக்கவில்லை. கூரைக் கதவைத் திறந்து தலையை நீட்டி, “அவன் அயோக்கியன் இல்ல மேடம், பயந்தாங்கொள்ளி” என்றேன். அசரீரி கேட்டதுபோல இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த புதன்கிழமையே அவர்களுடைய வாசிப்பு வட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான். இந்த முறை மாட்டியது கொஞ்சம் பெரிய இடம். ஏனென்றால் எனக்குப் படிக்க வராது.

பள்ளிக்கூடம் போகாதவன் என்று நினைக்க வேண்டாம். பத்து வருஷம் போனேன், பத்து வருஷமும் வாத்தியார்கள் என் தலையில்தான் கை அரிப்பைத் தீர்த்துக்கொண்டார்கள். கண்ணில் கோளாறு இல்லை. எண்களோடும் எனக்குச் சண்டை இல்லை. எழுத்துகளோடுதான். ஒரு வரியில் இந்தத் துணைக்கால் யாருக்குத் துணை, அந்தக் கொம்பு யார் தலையில் முளைத்தது என்று நான் விசாரித்து முடிப்பதற்குள் முதல் சொல் காணாமல் போயிருக்கும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும், அதன்பின் தலைவலி. ஆகவே வாழ்க்கை முழுவதும் “கண்ணாடிய மறந்துட்டேன்” என்று சொல்லிச் சமாளித்தேன். இலக்கியவாதி ஆனபின் அந்தஸ்துக்காகப் பவர் இல்லாத ஒரு வெறும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன். இருந்த ஒரே சாக்கையும் சொந்தச் செலவில் கெடுத்துக்கொண்ட ஆள் நானாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அந்தத் தம்பி பயந்தாங்கொள்ளி என்று எப்படித் தெரியும் என்றால், கேட்டேன். ஒரு இணையதளத்தில் தன்னார்வலர்கள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து போடுகிறார்கள். சொல்லிக்கொடுத்தது எங்கள் தொலைபேசி ஆபரேட்டர் அக்கா. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மாதத்துக்கு ஆறு நாவல் கேட்பவர். என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கண் தெரியவில்லை, அவருக்காக என்று சொல்லித்தான் விவரம் கேட்டேன். அக்கா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தினமும், “தம்பி, உங்க சொந்தக்காரர் இப்ப எந்த அத்தியாயத்துல இருக்காரு?” என்று அக்கறையாக விசாரிப்பார். இல்லாத மனிதருக்கு நான் சளி, முதுகுவலி, மருமகள் தொல்லை எல்லாம் வரவழைத்தேன்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு அறிவிப்பு வரும். பார்வையாலோ, கையாலோ, வேறு எந்தக் காரணத்தாலோ அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாதவர்களுக்காக இது என்று. அதை மட்டும் நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். அது யாருக்கோ சொல்வது என்பது என் எண்ணம்.

ஆனால் கதை தொடங்கிவிட்டால் நான் நானாக இருக்க மாட்டேன். நாற்பத்துமூன்று வயதுவரை கதவுக்கு வெளியே நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்ததுபோல இருந்தது. ஒருமுறை ஒரு அத்தியாயம் முடியட்டும் என்று லிஃப்ட் மேலேயே நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். மற்ற மூன்று லிஃப்டுக்கும் வரிசையில் நின்று அலுத்துப் படியேறியவர்கள் என் பரம்பரையையே வாழ்த்தியிருப்பார்கள். நான் ஒரு கப்பல் தளத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரியும். எங்கள் மகளுக்குத் தெரியாது. அவளுக்குப் பதினொரு வயது, என் மூக்கும் என் எழுத்துச் சண்டையும் அப்படியே வந்திருக்கின்றன. அவளுடைய டீச்சர் நல்லவர். அடிக்காமல் கூப்பிட்டு, இது மக்குத்தனம் இல்லை, பாடத்தையும் கதைகளையும் காதால் கேட்கட்டும், தானாகப் பிடித்துக்கொள்வாள் என்று சொன்னார். மகள் முடியவே முடியாது என்றாள். “அதெல்லாம் முடியாதவங்களுக்கு. எங்கப்பா எவ்ளோ தடி புத்தகமெல்லாம் படிக்கிறாரு. எனக்கும் வரும்.”

அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது. நான் சோபாவில் தடிப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, காதில் ‘பாட்டு’ கேட்டபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சொன்னது அது.

“அவ உங்களப் பாத்துதான் வீம்பு பிடிக்கிறா” என்றாள் மனைவி. “ஒரு வருஷமா ஒரு புத்தகம்கூட முடிக்கல அவ. நீங்க சொல்லிடுங்க.”

“பாப்போம்.”

“எத்தன நாள் பாப்பீங்க?”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மட்டுமா, பள்ளி விடுமுறையாக வந்த ஒரு புதன்கிழமை அவளை வாசிப்பு வட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பேசுவதை அவள் பார்க்க வேண்டாமா?

ஒன்பதாம் மாடியில் கூட்ட அறை. என்னைத் தவிரப் பதினொரு பேர், ஆளுக்கொரு பிரதி. ஆபரேட்டர் அக்கா மட்டும் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பேச எடுத்திருந்தது ஒரு மாலுமியின் மனைவியைப் பற்றிய நாவல். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

“எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பதினேழாவது அத்தியாயம்” என்றேன். “கப்பல் கிளம்புது. அவ கையசைக்கல, அழல. அந்த நேரத்துல அவ ஒரே ஒரு வார்த்த சொல்றா. ‘குழாய மூடு, தொட்டி வழியுது.’ அவ்ளோதான். அங்க ஏது தொட்டி, ஏது குழாய்? அவ மனசுதான் தொட்டி. இத எழுதுன கைக்கு மோதிரம் போடணும்.”

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். தொட்டியின் உட்பொருளை இன்னும் ஐந்து நிமிடம் அள்ளிவிட்டேன். ஆபரேட்டர் அக்கா தலையைக் குனிந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் குரலை இன்னும் கொஞ்சம் உருக்கினேன். மற்றவர்கள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எந்தப் பக்கம்?” என்றார் சட்டப் பிரிவு மேடம். அவர் எதையும் பக்க எண் இல்லாமல் நம்ப மாட்டார்.

“பதினேழாவது அத்தியாயம் மேடம். கடைசியில.”

“என் புத்தகத்துல இல்லையே.”

யாருடைய புத்தகத்திலும் இல்லை. ஒருவேளை வேறு பதிப்போ என்று ஒருவர் எனக்காக இழுத்தார். என் கையில் இருந்தது அலுவலகமே வாங்கிக் கொடுத்த அதே பிரதி. “சரி, உங்க புத்தகத்துல அந்த இடத்த எடுத்து வாசிங்க, கேப்போம்” என்றார் மேடம். அவர் மடக்குவதற்காகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் கேட்டார்.

புத்தகத்தைத் திறந்தேன். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அது மூக்கின் மேல் இருந்தது. எழுத்துகள் வழக்கம்போல ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் எழுந்தாள்.

“அது புத்தகத்துல இல்ல ஆன்ட்டி” என்றாள். “ஆடியோல இருக்கு. படிக்கிற அக்கா நடுவுல அவங்க வீட்ல யாருகிட்டயோ சொல்றாங்க. அத வெட்ட மறந்துட்டாங்க போல. நான்தான் அதக் கேட்டுட்டு அப்பாகிட்ட சொன்னேன். எனக்குத்தான் படிக்க வராது. அப்பா நான் சொன்னதத்தான் சொல்றாரு.”

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் கேட்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக எந்தப் பெயரை ஏற்கமாட்டேன் என்று மல்லுக்கட்டினாளோ, அதைப் பதினோரு அந்நியர்கள் முன்னால் எனக்காகத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. நான் அவ்வளவு கேவலமாக என்றைக்குமே உணர்ந்ததில்லை.

“அவ எங்கிட்ட எதுவும் சொல்லல மேடம்” என்றேன். “நானேதான் கேட்டேன். எனக்குப் படிக்க வராது. சின்ன வயசுலேர்ந்தே எழுத்து நிக்காது. இதுவரைக்கும் இங்க பேசுனது பூராவும் காதால கேட்டதுதான்.”

ஆபரேட்டர் அக்கா வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். “அப்ப உங்க சொந்தக்காரருக்கு முதுகுவலியெல்லாம் இல்லையே தம்பி” என்றார். அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. சட்டப் பிரிவு மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, பதினேழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் அந்த வரியை எழுதிக்கொண்டார். அது அங்கே இருந்திருக்க வேண்டியதுதான் என்றார்.

திரும்பும்போது மகள் லிஃப்ட் வேண்டாம் என்று படியில் இறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

“நீ எப்ப கேட்ட?”

“உங்க போன்லதான். நீங்க குளிக்கப் போறப்ப. அம்மா எனக்காக ஏத்தி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். நாலு புத்தகம் முடிச்சிட்டேன்.” இரண்டு படி இறங்கினாள். “நல்லா இருந்துச்சு. அதான் யார்கிட்டயும் சொல்லல.”

ஏழாம் மாடித் திருப்பத்தில் நின்றாள்.

“அப்ப சோபால உக்காந்து பக்கம் பக்கமா திருப்புவீங்களே, அது?”

“சும்மா திருப்புறதுதான். படிக்கிற மாதிரி தெரியணுமில்ல.”

“நான் பக்கத்துல உக்காந்து எண்ணிருக்கேன்” என்றாள். “நான் ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள நீங்க பன்னெண்டு. ஒருநாள் பதினாலு. அன்னைக்குத்தான் நான் மக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “என் தப்புடா கண்ணு, பெரிய தப்பு” என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தபடி கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். கோபம் இருந்தது. அது இருக்க வேண்டியதுதான்.

“இனிமே திருப்பாதீங்கப்பா” என்றாள்.

சரி என்றேன்.