இரண்டாகத் தெரிந்த கொக்கி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனை அல்ல; தம்பியின் வலது கண்ணிலிருந்து எடுத்தது. அவன் கிரேன் ஓட்டுபவன். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோக்கா. கதையில என்னை அழ வச்சிடாத" என்றான்.

"அன்று காலை வானம்—" என்று ஆரம்பித்தேன். வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.

2
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவனுக்குக் கீழே தொங்கிய கொக்கி இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினான், ஒன்றானது. அப்படியே கம்பிக் கட்டை இறக்கிவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

(இங்கே அவனைக் கொஞ்சம் நல்லவனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நான்கு நாள் அப்படித்தான் ஓட்டினான்.)

3
ஐந்தாம் நாள் கண் சிவந்து பிதுங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் உயிர் போகிற வலி. விடுப்பு போட்டான். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அம்மா சொன்னார்: "கண்ணை அசைக்கிற தசை வீங்கியிருக்கு. கிருமி இல்லை. உங்க எதிர்ப்பு அணுக்களே உள்ள புகுந்து அதைத் தாக்குது."

"என் உடம்புக்கே என்னை அடையாளம் தெரியலையா?"

"ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது."

(போர்க்கள உவமை ஒன்று எழுதி அடித்துவிட்டேன். வலிக்கிறவனுக்கு உவமை எதற்கு?)

4
ஸ்டீராய்டு மாத்திரையில் இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. அளவைக் குறைத்ததும் திரும்பியது. மூன்றாம் முறை திரும்பியபோது, "வேற ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பார்த்துடலாம்" என்று டாக்டர் தசையில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். புற்று என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி மனைவி கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

5
அறிக்கை வருவதற்கு முந்தின நாள் அவன் மேலாளர் முன் போய் நின்றான்.

"லீவுக்கு முன்னாடி நாலு நாள் எனக்கு எல்லாமே ரெண்டாத் தெரிஞ்சுது, சார். கீழே பன்னெண்டு பேர் நின்னாங்க. சொல்லாம ஓட்டிட்டேன்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "இப்ப எதுக்குச் சொல்றே?"

"நாளைக்கு நல்ல சேதி வந்துட்டா சொல்ல மாட்டேன், அதான்."

இனி அவனைக் கூண்டில் ஏற்றுவார்களா என்பது தெரியாது. அன்று மத்தியானம் அவன் நன்றாகச் சாப்பிட்டான் என்பது தெரியும்.

6
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அது வெறும் அழற்சிதான். மற்றதில் டாக்டர் நாற்காலியை அருகே இழுத்து— மேலே கை ஓடவில்லை.

அறிக்கைக்காகக் காத்தபடி, இதை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிடுகிறார். தம்பி எழுந்துவிட்டான்.

"நோட்டை வச்சுட்டு வாக்கா. கூட வா."

நாற்காலியில் வைக்கிறேன். முடிவு இனி உங்கள் பாடு.