எலும்பு சொல்லாத மூக்கு

“நோய் வருத்தம் ஏதும் இருந்ததோ, தங்கச்சி?”

“தெரியாது அண்ணை. பல்லு மட்டும் நல்லாய்த் தேய்ஞ்சிருந்தது.”

“பல்லுத் தேய்ஞ்சதுக்கே ஆக்கள் சாகினம்? நேற்றுப் பின்னேரமும் சந்தையிலை கண்டனான். பீற்றூட் வித்துக்கொண்டு நிண்டவ.”

“அண்ணை, இவ செத்து இரண்டாயிரத்து முந்நூறு வருசம்.”

சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றியிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சந்தி மின்கம்பத்தில் கட்டியிருந்த பனரைப் பார்த்தார். பனரில் இருந்த முகம் இருவரையும் பார்த்தது.

“எனக்குக் கண் தெரியாதெண்டு நினைக்கிறீரோ? உது எங்கடை ஞானாம்பிகை அக்கா. அந்த மூக்கு இந்த ஊரிலை வேறை ஆருக்கு இருக்கு?”

சொல்லிவிட்டுச் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, மரண வீட்டுக்குரிய மெதுவான வேகத்தில் அவர் சைக்கிளை மிதித்தார்.

நிவேதனா மூக்கைப் பார்த்தாள். அவள் செய்த மூக்கு. நுனி கொஞ்சம் மேல்நோக்கி, எதிரில் நிற்பவரைச் சண்டைக்குக் கூப்பிடுவதுபோல நின்றது. அது யாருடைய மூக்கென்று அந்தக் கணத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

உடனே கஜீவனுக்குப் போன் அடித்தாள். பனர் அடித்தவன் அவன்தான். அவன் கடைக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி மரண அறிவித்தல். மிச்சம் பூப்புனித நீராட்டு விழா. நிவேதனா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் நாலு வரியும் இந்த இரண்டில் எதற்குள் அடங்கும் என்று யோசித்திருக்கிறான். வயதைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை, முகத்தைச் சுற்றி ஒளிவட்டம். இடது பக்கம் ‘மலர்வு: தெரியவில்லை’. வலது பக்கம் ‘உதிர்வு: கி.மு. 300 அளவில்’. அடியில், ‘ஞாயிறு காலை பத்து மணிக்குச் சனசமூக நிலையத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.’

“கஜீவன், இது கண்காட்சிக்கு அடிக்கச் சொன்ன பனர்!”

“அக்கா, ஆள் உயிரோடை இருக்கிறாவோ?”

“இல்லை.”

“பிறகென்ன?”

“கி.மு. எண்டு கிடக்கிறதை ஆரும் பாக்கேல்லையடா!”

அதை யார் பார்ப்பார்கள்? அஞ்சலிப் பனரை ஊரில் ஒருவரும் வாசிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார்கள், நேரத்தைப் பார்ப்பார்கள், சாரத்தை மாற்றி வேட்டி கட்டப் போய்விடுவார்கள்.

வேறு யாருடைய முகமாக இருந்தாலும் சிரித்துச் சமாளிக்கலாம். ஞானாம்பிகையின் முகம்!

கீரிமலைக்குப் போகிற றோட்டுக்கு உள்ளே, நாகலிங்கத்தின் வெங்காயத் தோட்டத்து மூலையில், தொல்லியல் பேராசிரியர் சீவரத்தினம் சேரும் அவருடைய ஆட்களும் ஆவணியிலிருந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் கறுப்பும் சிவப்புமாய்ச் சட்டி ஓடுகள் வந்தன. பிறகு ஒரு மண்டையோடு வந்தது. அதற்குப் பின்னால் கழுத்தெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, சரியாக வேலிக்குக் கீழே நுழைந்து மறைந்தன. தலை நாகலிங்கத்தின் காணியில். உடம்பு ஞானாம்பிகையின் காணியில். நடுவில் கிளுவைக் கதியால் நட்டுப் பனையோலை வரிந்த வேலி. அதை நாகலிங்கம் ஞானாம்பிகையின் காணிக்குள் ஒரு சாண் அரக்கிவிட்டார் என்று அந்த அம்மா போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. வழக்குத் தொடங்கியபோது நட்ட கதியால்கள் இப்போது மரமாகி, அதில் காகம் கூடும் கட்டியிருந்தது.

“வேலியைப் பிரிச்சால் எல்லை போயிடும். ஒரு கதியாலும் அசையக்கூடாது,” என்று ஞானாம்பிகை சொல்லிவிட்டார். சேர் கும்பிட்டும் பார்த்தார், மாம்பழம் வாங்கிக்கொண்டு போயும் பார்த்தார். மாம்பழம் உள்ளே போனது, வேலி அசையவில்லை.

மாரி மழையோ இன்றைக்கு நாளைக்கு என்று நின்றது. குழிக்குள் தண்ணீர் நின்றால் எலும்பு பிட்டுப்போல உதிர்ந்துவிடும். பிறகு அந்தப் பெண்ணின் கை எதைப் பிடித்திருந்தது, காலடியில் என்ன வைத்துப் புதைத்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாமலே போகும். பெண்தானா என்பதுகூட முழுதாய்த் தெரியாது. “மண்டையோடு பொம்பிளை எண்டுதான் சொல்லுது. ஆனால் இடுப்பெலும்பைக் காணாமல் நான் அடிச்சுச் சொல்லமாட்டன்,” என்பார் சேர். அந்த இடுப்பெலும்பு வழக்கில் இருந்தது.

நிவேதனாவின் வேலை முகம் செய்வது. மண்டையோட்டை எல்லாப் பக்கத்தாலும் படமெடுத்துக் கணினிக்குள் பூசணிக்காய் போல உருட்டுவாள். எந்த இடத்தில் சதை எவ்வளவு தடிப்பு என்று காட்டும் சின்ன முளைகளை அதில் நடுவாள். அதன்மேல் தசை, அதன்மேல் தோல். கன்னம் எப்படி என்று எலும்பு சொல்லும். நாடி, தாடையைச் சொல்லும். கண் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்றும் சொல்லும். மூக்கு நுனிக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். உதடும் காதும் அப்படித்தான். “எலும்பு கதையாத இடத்திலை நீரும் கதையாதையும். சாம்பல் நிறத்தைப் பூசிப்போட்டு எழும்பும்,” என்பது சேரின் சட்டம்.

அவள் பூசிப் பார்த்தாள். எழும்ப முடியவில்லை. மூக்கு நுனி இல்லாத அந்த முகம், ஏதோ சொல்ல வாயெடுத்து மறந்துபோனவள் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தியை இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி வைப்பதா? தரப்பாள் கூரைக்குக் கீழே, வேலியைப் பார்த்தபடி இருந்துதான் அவள் வேலை செய்தாள். நினைத்த நேரமெல்லாம் வேலிக்கு மேலால் ஒரு முகம் எழும்பும். “உங்கை என்ன கிண்டுறியள்? இஞ்சாலை வராதையுங்கோ!” முகம் இறங்கும். அப்படி எழும்பி இறங்கி, எழும்பி இறங்கி, அந்த மூக்கு அவள் விரலுக்குள் எப்போது குடிபுகுந்ததோ தெரியாது.

இப்போது அதே மூக்குக்காரியைத்தான் ஊர் தூக்கிப் போகத் தயாராகியிருந்தது. அவளை இனி என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது, வேலியை எப்படித் திறக்கச் சொல்வது?

நிவேதனா ஓடிவந்து சேர்ந்தபோது, ஞானாம்பிகை வீட்டு ஒழுங்கையில் விளையாட்டுக் கழகப் பெடியள் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் வந்து இறங்கின. செத்தவரைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள்.

வாசல் படலையடியில் சேர் நின்றார்.

“சாம்பல் நிறம் பூசச் சொன்னனான்,” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாகலிங்கம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. கலியாணம் என்றால் சொல்லவில்லை என்று வராமல் இருந்துவிடலாம். செத்த வீட்டுக்கு அப்படி இருக்க முடியாது. பகைக்காரன் என்றால் முதல் ஆளாய் வரவேண்டும். வழக்குத் தொடங்கிய பிறகு இந்தப் படலையை மிதிக்காத மனிதர், படலையைப் பிடித்துக்கொண்டே குழறி அழுதார்.

“மச்சாள்! என்னை விட்டிட்டுப் போட்டியே! இனி நான் ஆரோடை மச்சாள் வழக்காடுறது!”

கிணற்றடியில் பீற்றூட் கழுவிக்கொண்டிருந்த ஞானாம்பிகை சத்தம் கேட்டு, முழங்கை வரை சிவந்த கையோடு, வீட்டைச் சுற்றி முற்றத்துக்கு வந்தார்.

கதிரை ஒன்று விழுந்தது. கொடி கட்டிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் கொடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“என்ன, வழக்குத் தோத்துப்போச்சே? உவர் ஏன் அழுறார்?” என்றார் ஞானாம்பிகை. நாகலிங்கத்தைப் பார்த்தல்ல; அவருக்குப் பக்கத்தில் நின்ற மாமரத்தைப் பார்த்து.

நாகலிங்கத்துக்கு அழுகையை நிற்பாட்டவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

“வெங்காயம் கிண்டினனான்,” என்றார் மாமரத்துக்கு.

வீட்டுக்குள் போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து மகள் உதயகலா, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்தாள்.

“அம்மா! நீங்கள் செத்திட்டியள் எண்டு பேஸ்புக்கிலை கிடக்கு!”

“கிடக்கட்டும். உங்கை இப்ப சாமமெல்லே? போய்ப் படு.”

போனை வைத்துவிட்டு வெளியே வந்த ஞானாம்பிகை முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஆற்றை வேலை இது?”

ஊர் முழுவதும் ஒன்றாய்த் திரும்பிய திசையில் நிவேதனா நின்றாள்.

அவள் மடிகணினியைத் திறந்து, மரண வீட்டுக்கென்று வந்த கதிரை ஒன்றில் வைத்தாள்.

“இது மண்டையோடு, அன்ரி.”

“தெரியுது.”

“இது தசை.”

“சீ, மூடு!”

“இது தோல் போட்ட பிறகு.”

ஞானாம்பிகை குனிந்தார். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு அந்த முகத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். இரண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியும், கையில் பீற்றூட் சாயத்தோடு இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியும், ஒரே மூக்கை நீட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் பார்வையைத் திருப்புவது என்று போட்டிபோல் இருந்தது.

“உது என்ரை மூக்கு.”

“ஓம் அன்ரி. எலும்பிலை மூக்கு நுனி இல்லை. எனக்குத் தெரியாமலே உங்கடையை வைச்சிட்டன். குறை நினையாதையுங்கோ. இண்டைக்கே மாத்திவிடுறன்.”

“மாத்துவியோ? தொட்டுப் பார், பாப்பம்!”

நிவேதனா கையை எடுத்தாள்.

“நீ தெரிஞ்சு கீறினாய் எண்டால் அது களவு,” என்றார் ஞானாம்பிகை. “தெரியாமலெல்லே கீறியிருக்கிறாய்? நாள் முழுக்க உனக்குப் பக்கத்திலை நிண்டது உவற்றை மூக்கு. அது ஏன் வரேல்லை? வேலிக்கு இஞ்சாலை நிண்ட என்ரை மூக்கு ஏன் வந்தது?”

நாகலிங்கம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அன்ரி, அது…”

“நீ சும்மா இரு. மண்ணுக்குள்ளை கிடக்கிறவள் ஆரெண்டு அவளுக்குத் தெரியும்.” ஞானாம்பிகை நிமிர்ந்தார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “எங்கடை பொம்பிளை. தலை வேறை உடம்பு வேறையாய்க் கிடக்கிறாள். நான் இஞ்சை பீற்றூட் கழுவிக்கொண்டிருக்கிறன்.”

குசினிக்குள் போனவர் கத்தியோடு வெளியே வந்தார். முன்வரிசையில் நின்றவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். அவர் யாரையும் பார்க்காமல் வளவுக்குள் நடந்து நேரே வேலிக்குப் போனார். ஊர் பின்னால் போனது. வந்த கதிரைகள் வீணாகக்கூடாதே என்று அவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் வரிசையாய்ப் போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கியிருந்தார்கள்.

சேரின் முகம் திருவிழாக் காணப்போகிற பிள்ளையின் முகம் போலாகிவிட்டது. தூரிகையையும் சின்னக் கரண்டியையும் எடுத்துக்கொண்டார். பிறகு சட்டென்று வாடினார்.

“நிவேதனா,” என்றார் காதுக்குள், “இடுப்பெலும்பு ஆம்பிளை எண்டு சொன்னால்?”

“சேர், இப்ப வேண்டாம்.”

கீரிமலைப் பக்கம், கடலுக்கு மேலே, வானம் கறுத்து உறுமியது. காகம் ஒன்று கதியாலிலிருந்து எழும்பிப் பறந்தது. ஞானாம்பிகை வேலியின் முதல் ஓலைக் கட்டின் மேல் கத்தியை வைத்தார். நாகலிங்கம் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. முன்வரிசைக் கதிரையில் இருந்து, இன்னும் காயாத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அறுப்பு, ஒரே ஒரு அறுப்பு போதும். ஓலைக்குக் கீழே, மண்ணுக்குள், ஒரு கை எதையோ பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தது.

கத்தி அறுக்கவில்லை.

“பிள்ளை, இஞ்சை வா,” என்றார் ஞானாம்பிகை. நிவேதனா கிட்டப் போனாள். அவர் குரலைத் தாழ்த்தினார். முதல் மூன்று வரிசைக்கும் கேட்கிற தாழ்வு.

“அவள் எங்கடை ஆள் எண்டால், அவளின்ரை தலை கிடந்த மூலை அப்ப ஆற்றை காணி?”

நாகலிங்கம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சால்வையை மடித்துத் தோளில் போட்டார். கண் காய்ந்துவிட்டது.

முதல் துளி கத்தியின் மேல் விழுந்தது. இரண்டாவது துளி, நிவேதனா அணைத்துப் பிடித்திருந்த மடிகணினியின் மேல் விழுந்தது.

“வாற மாதம் வழக்குத் தவணை,” என்றார் ஞானாம்பிகை. கத்தி ஓலைக் கட்டின் மேலேயே இருந்தது. “நீ படிச்ச பிள்ளை. கோட்டுக்கு வந்து, நீதவானுக்கு உந்த மூக்கைக் காட்டி, இவ இந்தக் குடும்பத்து ஆள்தான் எண்டு ஒரேயொரு வார்த்தை சொல்லித் தாறியே?”