நோர்மனின் புள்ளடி

மன்னாரில் றோசலின் ரீச்சராக இருந்த காலத்தில் எந்தத் தேர்தல் வந்தாலும் கடமைக்கு அவளைத்தான் போடுவார்கள். சீட்டில் பெருக்கல் குறிபோலப் புள்ளடியை எங்கே போடுவது, அதை எப்படி மடிப்பது, எது செல்லும் வாக்கு, எது செல்லாத வாக்கு என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுத்தால் அவள் கேட்கவும் மாட்டாள். அந்தக் குணமும் அவளோடு சேர்ந்து விமானமேறி டொரொன்ரோவுக்கு வந்திருந்தது.

இங்கே வந்து அவள் கட்டிய இரண்டாவது மனிதர் நோர்மன், கனடாவின் பூர்வகுடிக்காரர். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் சேர்ந்து பெட்டி அடுக்கியபோது பழக்கம். கோயில் சனம் கொஞ்சக் காலம் இருவரையும் வாயில் போட்டு மென்றது. வேறு ஆட்கள் அகப்பட்டதும் விட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் இடையில் ஓடுவது ஆங்கிலம்தான்; ஆனால் இத்தனை வருசத்தில் அது றோசலினின் காதில் தமிழாகவே விழப் பழகிவிட்டது. அதனால் இந்தக் கதையிலும் அப்படியே இருக்கட்டும்.

சலரோகம், அந்தச் சீனி வியாதி, முதலில் நோர்மனின் கண்களைத் தின்றது, பிறகு சிறுநீரகங்களை. டயலிசிஸ் செய்து இழுத்துக்கொண்டிருந்தார். இனி அதிக காலம் இல்லை என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நோர்மன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சிறுவர் நலன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் வடக்கே ஏரிக்கரையில் இருந்த அவருடைய ஊரிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வளர்ந்தது முழுக்க வெள்ளைக்கார வீடுகளில். நல்ல மனிசர்கள் செய்கிற காரியமா அது? தலை நரைத்த பிறகுதான் தங்கை டார்லீன் அவரைத் தேடிப் பிடித்தாள். அதன் பிறகே ஊர்ப் பதிவில் அவர் பெயர் ஏறியது.

இப்போது ஊர்ச் சபைக்குத் தேர்தல். தலைவர் பதவிக்கு டார்லீன் நின்றாள். வெளியில் இருப்பவர்கள் தபாலில் வாக்களிக்கலாம் என்று டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த அப்பார்ட்மென்டுக்கு ஒரு பெரிய உறை வந்தது. நோர்மன் கனடாத் தேர்தல் எதிலும் ஒருநாளும் வாக்களித்தவரில்லை. இது வேறு. என்ரை ஊர் முதல் தடவையாக என்னட்டை ஒன்று கேட்கிறது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். முதலும் கடைசியுமான வாக்கு என்பது இருவருக்கும் தெரியும். அதை இருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வாக்குப் போடுகிற அன்று நோர்மன் தாடி வழித்து, தோய்த்த சேர்ட் போட்டுக்கொண்டு குசினி மேசைக்கு வந்தார். கண் தெரியாதவருக்கு இன்னொருவர் உதவலாம். அதற்கான இடத்தில் றோசலின் கையெழுத்து வைத்தாள். உறைக்குள் ஒரு விளக்கத் தாளும் இருந்தது. அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தாள்.

தலைவருக்கு மூன்று பேர். டார்லீனுக்கு நேரே ஒன்று என்று எழுதிவிட்டு, இரண்டாவது ஆர் என்று கேட்டாள். நோர்மனுக்கு விளங்கவில்லை. றோசலின் வகுப்பில் நிற்பதுபோல விளங்கப்படுத்தினாள். ஜனாதிபதித் தேர்தலில் அவளுடைய நாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வாக்குப் போடலாம். முதல் ஆள் தோற்றாலும் வாக்கு வீணாகாது.

"நீர் எத்தினை தேர்தல் கண்டனீர். போடும்," என்று நோர்மன் சிரித்தார். இரண்டாவது மச்சான்காரன் ஒருவனுக்கு, மூன்றாவது மிச்சமிருந்தவருக்கு.

சீட்டைச் சின்ன உறைக்குள்ளும், சின்ன உறையைப் பெரிய உறைக்குள்ளும் வைத்து ஒட்டி, அவளே போய்த் தபாலில் போட்டாள். அந்தக் கிழமை முழுக்க டயலிசிஸ் தாதிமாருக்கெல்லாம் நோர்மன் தன் வாக்கைப் பற்றியே கதைத்தார்.

வாக்கு எண்ணிய அடுத்த நாள் காலை டார்லீன் போன் எடுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். வென்றுவிட்டாளாம். தாராளமான வித்தியாசம். நோர்மன் மேசையில் தட்டினார். தபாலில் வந்ததுகளை உடைத்தபோது நடந்த பகிடி ஒன்றைச் சொல்லட்டுமா என்று டார்லீன் கேட்டாள்.

"ஆரோ ஒருத்தர் எல்லாப் பேருக்கும் நேரை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறார், அண்ணா. நாங்கள் சிரிச்ச சிரிப்பு. ஒருத்தருக்கு மட்டும் புள்ளடி போடச் சொல்லித் தாளிலையே கிடக்கு. செல்லாது எண்டு தள்ளி வைச்சிட்டினம். ஊர் பேர் தெரியாத ஆரோ அந்நியன்."

நோர்மனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. றோசலின் அது தன் பிழையென்று சொல்லப் போனுக்குக் கை நீட்டினாள். அவர் தடவித் தடவி அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அமத்திக்கொண்டார்.

"பாவம், ஆரோ தெரியாத மனிசன்," என்றார் தங்கையிடம். "என்ரை புள்ளடி உன்ரை பேருக்கு நேரைதான்."

"தெரியும். ஒவ்வொரு புள்ளடியா எடுத்துக் காட்டேக்கை, இதுதான் என்ரை அண்ணன்ரையாக்கும், இதுதானாக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றாள் டார்லீன்.

போன் வைத்ததும் றோசலின் குலுங்கிக் குலுங்கி அழுதாள். உங்கடை ஒரு வாக்கைக் கொன்றுபோட்டேனே, தாளைப் படித்திருந்தால் போதுமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நோர்மன் கையை விடவில்லை.

"அறுபது வருசமா அவளுக்கு அண்ணன் இல்லை, றோஸ். இப்ப வாக்குப் போட்ட அண்ணன் ஒருத்தன் இருக்கிறான். அவனையும் அவளிட்டை இருந்து பறிக்க வேண்டாம்."

அடுத்த முறை ஒழுங்காய் வாசித்துப் பார்த்துப் போடுவேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்த ஊரில் அடுத்த தேர்தல் நாலு வருசம் கழித்துத்தான். அவள் எழும்பிப் போய்த் தண்ணியைக் கொதிக்க வைத்தாள்.